காற்று திறந்த பக்கம்

எங்கள் ஊரில் வீடுகளுக்குச் சுவர் கிடையாது. தூண்கள், கூரை, சாரல் அடித்தால் இறக்கிவிடத் தென்னங்கீற்றுத் தட்டிகள், அவ்வளவுதான். அதனால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அபெராமோ வீட்டில் இன்றைக்கு என்ன மீன், யார் யாரிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். என் வீட்டுச் சங்கதி அவர்களுக்கும் தெரியும். யாரும் இதற்காக வெட்கப்படுவதில்லை. கடவுளுக்குத் தெரிவது அண்டை வீட்டுக்கும் தெரிந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிடுவோம்.

பொழுது சாயும்போது சீமைப்பலா மரத்தில் தொங்கும் காலி எரிவாயு உருளையை அடிப்பார்கள். முதல் மணிக்கு எல்லோரும் வீடு திரும்ப வேண்டும். இரண்டாம் மணிக்கு ஜெபம். அதற்குப் பிறகு ரோட்டில் ஒரு ஈ காக்கை நடமாடக் கூடாது. கையில் கம்போடு இளவட்டங்கள் காவல் நிற்பார்கள். மூன்றாம் மணி அடித்தால்தான் மறுபடி கால் எடுத்து வைக்கலாம். என் வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும். எங்கள் ஜெபம் சீக்கிரம் முடிந்துவிடும். மூன்றாம் மணி வரைக்கும் எதிர் வீட்டு ஜெபத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது என் வழக்கம்.

அந்த வீட்டில் வேதம் கைமாறிக் கைமாறிப் போகும். வேதத்து முற்பிதாவின் பெயரைக் கொண்ட அபெராமோ ஒரு வசனம், அவன் மனைவி வலாசி ஒரு வசனம், பிறகு பெரியவள் ஃபுவாதினோ, கடைசியில் சின்னவள் தீரேசா. ஃபுவாதினோவுக்கு ஒன்பது வயது. அவள் குரலைக் கேட்கவே நான் பாயில் சாய்ந்திருப்பேன். கோவில் மணியில் ஒரு ஈரம் இருந்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு குரல்.

ஒரு நாள் புத்தகம் அவள் மடிக்கு வந்த நேரத்தில் கடலிலிருந்து ஒரு காற்று அடித்தது. தாள்கள் படபடவென்று புரண்டன. விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டான் அபெராமோ. ஃபுவாதினோ நிறுத்தவில்லை. தாய் விட்ட இடத்திலிருந்து அடுத்த வசனத்தைப் பிசிறில்லாமல் சொன்னாள்.

"அக்கா, நீ சொல்றது இங்க இல்ல," என்றாள் தீரேசா. இந்த வருஷம்தான் அவள் முதல் வகுப்பு.

"ஜெபத்துல பேசாதடி," என்றான் அபெராமோ.

"இல்லப்பா. காத்து பக்கத்தத் திருப்பிடுச்சு. இங்க என்னமோ ஆட்டுக்குட்டி பத்தி இருக்கு. அக்கா வேற சொல்றா."

ஜெபம் முடிந்ததும் அபெராமோ தொடையில் தட்டிச் சிரித்தான். "பாத்தியா வலாசி? என் மூத்த மவளுக்குப் புத்தகமே வேண்டாம். எல்லாம் உள்ளயே இருக்கு."

வலாசி சிரிக்கவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபுவாதினோ எங்கள் ஊருக்கு எப்படிப்பட்ட பிள்ளை என்பதைச் சொல்ல வேண்டும். அம்மை வந்து இந்தச் சவாய்த் தீவில் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் விழுந்த வருஷம், அவளும் அவள் தம்பி அதோனியோவும் ஆஸ்பத்திரியில் ஒரே கட்டிலில் கிடந்தார்கள். தம்பி நடக்கக்கூடப் பழகியிருக்கவில்லை. அவன் பிழைக்கவில்லை. அவள் பிழைத்தாள். பள்ளிகளை மூடியிருந்தார்கள். திறந்த பிறகு கோவிலில் ஒரு நன்றி ஆராதனை வைத்தோம். அந்தச் சின்ன உடம்பு எழுந்து நின்று, பெரியவர்களே திணறும் ஒரு நீளமான வேதச் சங்கீதத்தை முழுதாகச் சொன்னது. கோவிலில் அழாதவர் இல்லை. அன்றிலிருந்து, பிள்ளைகள் வெள்ளை உடுத்திக் கோவிலில் வசனம் சொல்லும் வெள்ளை ஞாயிறு வந்தால் நீளமான மனப்பாடம் அவளுக்குத்தான். அந்தக் குரல் எங்களிடம் திரும்பி வந்தது என்ற நன்றியில், அந்தப் பிள்ளையின் கண் எங்கே இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

தம்பியின் கல்லறை அவர்கள் வீட்டு முன்னால்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் எல்லாருடைய வழக்கமும் அதுதான். சிமெண்ட் ஈரமாக இருக்கும்போதே அபெராமோ ஒரு ஆணியால் இரண்டு வரி எழுதினான். அதன்மேல்தான் பிள்ளைகள் உட்கார்ந்து மாங்காய் தின்பார்கள். வலாசி துணி உலர்த்துவாள்.

இந்த வருஷம் புதிதாக வந்த போதகர், வெள்ளை ஞாயிறுக்கு மனப்பாடம் மட்டும் போதாது என்று சொல்லியிருந்தார். "ஒரு பிள்ளை பெரிய வேதத்துலேர்ந்து வாசிக்கட்டும். அன்னைக்கு நான் திறக்கிற பக்கத்த." சபையே ஒரே குரலில் ஃபுவாதினோ பெயரைச் சொன்னது. அபெராமோ சபையில் டீக்கன், போதகருக்குத் துணை நிற்பவன். எழுந்து நின்று, "என் வீட்டுக்குக் கிடைச்ச மரியாதை," என்று சொல்லி எல்லாருக்கும் தலை வணங்கினான்.

காற்று பக்கத்தைத் திருப்பியது அதற்கு அடுத்த வாரம்.

*

மறுநாள் மாதர் சங்க வீட்டில் தாழைப் பாய் முடைந்துகொண்டிருந்தோம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்தால் கையைவிட வாய்தான் வேகமாக ஓடும். வலாசி மட்டும் பேசவில்லை. கீற்றைத் தப்பாகப் போட்டு, பிரித்து, மறுபடி தப்பாகப் போட்டாள்.

"என்னடி, புருஷன நெனச்சுக்கிட்டே முடையறியா?" என்றாள் ஒருத்தி.

"அவர நெனச்சா பாய் எப்படி நேரா வரும்?" என்றாள் வலாசி. எல்லோரும் சிரித்தார்கள். அவள் என் பக்கம் சாய்ந்தாள். "லூசியாக்கா, பள்ளிக்கூடம் வரைக்கும் கூட வர்றியா? தனியாப் போகப் பயமா இருக்கு."

"என்ன பயம்?"

"டீச்சர் 'ஆமா'ன்னு சொல்லிருவாங்களோன்னு."

பள்ளி விட்டிருந்தது. மூன்றாம் நான்காம் வகுப்புகளை ஒன்றாக வைத்து நடத்தும் மகெரிதா டீச்சர் கரும்பலகையைத் தென்னை நாரால் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் வகுப்பைத் தூரத்திலிருந்தே கேட்கலாம். அவர் ஒரு வரி சொல்ல, பிள்ளைகள் சேர்ந்து அதைத் திருப்பிச் சொல்வார்கள். மழை தகரத்தில் விழுகிற மாதிரி இருக்கும். அதில் முதலில் எழும் குரல் ஃபுவாதினோவுடையது. எங்கள் எல்லாரையும் அப்படித்தான் படிக்க வைத்தார்கள். சேர்ந்து பாடுவது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி.

வலாசி காற்று திருப்பிய பக்கத்தைச் சொன்னாள். டீச்சர் முதலில் சிரித்தார். "உங்க பொண்ணா? அவ இல்லன்னா என் வகுப்புக்கு வாயே இல்ல."

"அதான் டீச்சர். வாய் இருக்கு. கண்ணு இருக்கான்னு பாருங்க."

ஃபுவாதினோ வெளியே மரத்தடியில் தங்கையோடு நின்றிருந்தாள். டீச்சர் அவளைக் கூப்பிட்டு, அந்த வாரம் வகுப்பில் வாசித்த பெரிய படப் புத்தகத்தைத் திறந்தார். படகில் ஒரு ஆள், வலையில் மீன்கள். ஃபுவாதினோ படத்தைப் பார்த்து முழுப் பக்கத்தையும் அழகாகச் சொன்னாள். டீச்சர் இடுப்பிலிருந்த ஓலை விசிறியை எடுத்தார். எங்கேயோ நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, படத்தின்மேல் விசிறியை வைத்து மூடினார்.

"இத வாசிம்மா."

அந்தப் பிள்ளை விசிறியைப் பார்த்தது. அதன் அடியில் என்ன படம் என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு டீச்சர் முகத்தைப் பார்த்தது, அவர் உதடு அசைகிறதா என்று. உதடு அசையவில்லை. எங்கோ ஒரு சேவல் கூவியது.

"எனக்கு இது எறும்பு போற மாதிரி இருக்கு டீச்சர்," என்றாள் கடைசியில்.

மகெரிதா டீச்சர் விசிறியை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். விசிறிக்குப் பின்னாலிருந்தே பேசினார். "அம்மை வந்த வருஷம் இவளோட ஒண்ணாம் வகுப்பும் எங்கிட்டதான். எழுத்து அட்டை சொல்லிக் குடுக்கிற மாசமெல்லாம் பள்ளி மூடிக் கிடந்துச்சு. திறந்ததும் நான் விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிக்கல. முன்னாடி ஓடிட்டேன். இவ சத்தமாச் சொன்னா, நானும் தெரியும்னு எடுத்துக்கிட்டேன். இவ மேல ஒண்ணும் இல்ல வலாசி. என் மேலதான்."

"யார் மேலன்னு கேக்க வரல டீச்சர். வெள்ளை ஞாயிறுக்கு இவ வாசிக்கணும்."

"தெரியும்."

ஃபுவாதினோ அம்மாவின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "தெரியலன்னு சொன்னா, எல்லாரும் என் குரலத் திருப்பி வாங்கிப்பாங்களாம்மா?"

வலாசி அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

*

அபெராமோவிடம் சொன்னது அன்று சாயங்காலம். அவன் தோட்டத்திலிருந்து சேம்புக் கிழங்குகளைக் காவடியில் சுமந்து வந்து இறக்கியிருந்தான். தேங்காய் துருவ உட்கார்ந்த இடத்தில் வலாசி விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"டீச்சரம்மாவுக்கு என்ன கேடு? என் மவளுக்கு வாசிக்கத் தெரியலன்னு சொல்றாங்களா? இந்த ஊருக்கே சங்கீதம் சொல்றவ அவ."

"சொல்றா. வாசிக்கல."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"அப்ப அவளக் கூப்பிட்டு இந்த மாவு மூட்டையில என்ன எழுதியிருக்குன்னு கேளு."

அவன் கூப்பிடவில்லை. துருவலை நிறுத்தி, தேங்காய் மூடியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்து, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு போதகர் வீட்டுக்குப் போனான். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருந்தது. கூடவே ஒரு கொத்து வாழைப்பழமும் இருந்தது, போதகரம்மா கொடுத்தது.

"கேட்டுட்டேன்," என்றான்.

"என்னத்த?"

"எந்தப் பக்கம்னு. புள்ள பயப்படுறான்னு சொன்னேன். போதகர் நல்ல மனுஷன், ஒண்ணும் கேக்காம சொல்லிட்டார். கடலு ரெண்டாப் பிளந்து நடுவுல நடந்து போனாங்கல்ல, அது. அவளுக்கு ரெண்டு சாயங்காலம் போதும். அட்சரம் பிசகாம சொல்லிடுவா."

வலாசி அடுப்பிலிருந்த சட்டியை இறக்கி வைத்தாள். அவள் குரல் உயரவில்லை. ஆனாலும் ரோட்டுக்கு இந்தப் பக்கம் கேட்டது. "புள்ளைக்கு ஒளிஞ்சுக்கச் சொல்லிக் குடுக்கறியே."

"சபைக்கு முன்னாடி அவ நின்னு முழிச்சா, அத நீ தாங்குவியா? நான் மாட்டேன். ஒரு புள்ளைய மண்ணுல வெச்சவன் நான். இன்னொண்ணு கண் முன்னால அழறதப் பாக்க என்னால ஆகாது. என்ன வேணா சொல்லிக்கோ."

வலாசி சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றினாள். அன்பினால் செய்கிற தப்பை எதிர்த்துப் பேசுவது கஷ்டம். அன்றிலிருந்தே அவன் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, வலை பின்னிக்கொண்டே வசனம் வசனமாகச் சொல்லிக் கொடுத்தான். அவன் சொன்னபடியே இரண்டு சாயங்காலத்தில் அவளுக்கு வந்துவிட்டது. அந்தக் கடல் பிளக்கிற இடத்தில் அவள் குரல் எழும்பியபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அபெராமோ நிம்மதியாகத் தூங்கினான்.

*

ஆனால் மகெரிதா டீச்சர் சும்மா இருக்கவில்லை. காலையில் பள்ளி மணிக்கு முன்னால் மாதர் சங்க வீட்டுக்கு வந்தார். வலாசி பிள்ளைகள் இருவரையும் அழைத்து வந்தாள். கொக்கோக் கஞ்சிப் பானையைச் சுற்றி நாங்கள் சிலர் உட்கார்ந்திருந்தோம்.

"உனக்குப் பிடிச்சது ஏதாவது சொல்லு, நான் எழுதறேன்," என்றார் டீச்சர்.

ஃபுவாதினோ யோசித்து, "எங்கப்பா படகுல ஓட்டை. தண்ணிய நான்தான் அள்ளி ஊத்துவேன்," என்றாள். டீச்சர் அதை அப்படியே ஒரு பெரிய தாளில் எழுதினார். "இப்ப வாசி."

கடகடவென்று சொல்லிவிட்டாள்.

டீச்சர் நெற்றியில் கை வைத்தார். "அய்யோ, நீ சொன்னதே உனக்கு மனப்பாடம் ஆயிடுச்சே. உன்ன வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?" எல்லோரும் சிரித்தோம். அந்தப் பிள்ளையும் சிரித்தது. பயத்தில் இறுகியிருந்த முகம் அன்றைக்குத்தான் கொஞ்சம் இளகியது.

பிறகு டீச்சர் கத்தரிக்கோலை எடுத்தார். தாளைச் சொல் சொல்லாக வெட்டி, பாயின்மேல் கலைத்துப் போட்டார். ஒவ்வொன்றின் மேலும் காற்றுக்கு ஒரு சிப்பி. "இப்ப உங்கப்பா படகத் தேடு பாக்கலாம்."

அவள் தேடினாள். இப்போது ராகமும் இல்லை, முன்னால் சொல்ல ஆளும் இல்லை. ஒரு சொல்லின் முதல் எழுத்தை விரலால் தொட்டு, டீச்சர் கொண்டுவந்த எழுத்து அட்டையில் அந்த எழுத்துக்கு என்ன படம் என்று தங்கையிடம் கேட்டு, அடுத்த எழுத்தைத் தொட்டு. ஒரு கோழி வந்து 'தண்ணி' என்ற சொல்லைக் கொத்திக்கொண்டு ஓடியது. தீரேசா அதைத் துரத்தினாள்.

"விடு, கோழியும் படிக்கட்டும்," என்றார் டீச்சர். "நான் வேற எழுதித் தர்றேன். இல்ல, நீயே எழுது ஃபுவாதினோ. கோழி தின்னது என்ன எழுத்துன்னு யோசிச்சு எழுது."

கரிக்கட்டையால், மாவு மூட்டைத் தாளின் பின்பக்கம், அவள் எழுதினாள். கோணல் மாணலாக, ஒரு எழுத்து திரும்பி நின்றபடி. ஆனால் அது தண்ணீர்தான். நான் பார்த்தேன்.

இப்படி ஒவ்வொரு நாளும் நடந்தது. மற்றப் பெண்களுக்கும் உள்ளூர உறுத்தல் வந்துவிட்டது. ஒருத்தி தன் மகனைக் கூட்டி வந்து, "இவனையும் விசிறி வெச்சுப் பாருங்க டீச்சர்," என்றாள். அவனும் எறும்புகளைத்தான் பார்த்தான். இன்னொருத்தி மகளும் அப்படியே. "என் புள்ளையுமா? வீட்டுல வாய் ஓயாம பேசுதே," என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"வாய்தான்மா நம்மள ஏமாத்துது," என்றார் டீச்சர். "எனக்கு ஒரு வகுப்பு நெறைய புள்ளைங்க. ஒவ்வொருத்தன் பக்கத்துலயும் என்னால உக்கார முடியாது. நீங்க பாய் முடையறப்ப ஆளுக்கு ஒரு புள்ளைய பக்கத்துல வெச்சுக்குங்க. வாசிக்கச் சொல்லுங்க. வாயப் பாக்காதீங்க, விரல் எங்க இருக்குன்னு பாருங்க. விரல் நின்னா நீங்களும் நில்லுங்க. முந்திக்கிட்டுச் சொல்லிராதீங்க. அதான் ரொம்பக் கஷ்டம்."

அது உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. ஒரு பிள்ளை ஒரு சொல்லின் முன்னால் திணறி நிற்கும்போது, வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிடப் பெரிய தவம் இல்லை. என்னிடம் வந்த பையன் 'சுறா' என்ற சொல்லைப் பிடிப்பதற்குள் நான் ஒரு கீற்று வரிசை முடித்துவிட்டேன். பிடித்ததும் அவன் என்னைப் பார்த்த பார்வைக்காக அந்தப் பாயையே அவனுக்குக் கொடுத்திருப்பேன்.

காலையில் சங்க வீட்டில் எழுத்து, சாயங்காலம் அப்பாவிடம் மனப்பாடம் என்று ஃபுவாதினோவின் நாள் இரண்டாகக் கிடந்தது. காலையில் மெதுவாகவும் சந்தோஷமாகவும் இருப்பாள். சாயங்காலம் வேகமாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள். அபெராமோ அதைக் கவனித்தானோ என்னவோ.

*

வெள்ளை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை ஊரே சுண்ணாம்பு வாசனையாக இருக்கும். ரோட்டோரக் கற்கள், கோவில் படிக்கட்டு, கல்லறைகள் எல்லாவற்றுக்கும் வெள்ளை அடிப்போம். வலாசி தையல் மிஷினில் வெள்ளைப் பாவாடைகளை முடித்துக்கொண்டிருந்தாள். காற்றே இல்லாத வெக்கை. நான் என் முற்றத்தில் சேம்பிலைகளை அடுக்கி, தேங்காய்ப்பால் ஊற்றிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அபெராமோ மகனின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தான். அந்த வேலையை அவன் எப்போதும் அவசரமாகத்தான் செய்வான். கண்ணை அங்கே நிறுத்தமாட்டான். தூரிகையை எழுத்தின்மேலேயே இழுத்துவிட்டு நிமிர்ந்தான்.

"அப்பா, எழுத்தெல்லாம் மூடிப் போச்சு," என்றாள் ஃபுவாதினோ.

"காஞ்சா தெரியும்."

அவள் ஒரு ஈர்க்குச்சியை ஒடித்து எடுத்துக்கொண்டு கல்லின் முன்னால் மண்டியிட்டாள். ஆணிக்கோட்டில் தேங்கிய சுண்ணாம்பை ஒவ்வொரு எழுத்தாகச் சுரண்டி எடுக்க ஆரம்பித்தாள். ஒரு எழுத்து துலங்கியதும் விரலை அதில் வைத்தாள். பிறகு அடுத்தது. உதடு மெல்ல அசைந்தது.

"அ... தோ... னி... யோ." நிமிர்ந்து பார்த்தாள். "தம்பி பேரு."

"ஆமா," என்றான் அபெராமோ. வாளியைத் தூக்கப் போனவன் நின்றுவிட்டான்.

அவள் இரண்டாவது வரிக்கு வந்தாள். அது கொஞ்சம் நீளம். நடுவில் ஒரு இடத்தில் விரல் நின்றுவிட்டது. வலாசி மிஷினை நிறுத்தியிருந்தாள். சொல்லிக் கொடுத்துவிடுவாளோ என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. விரல் திரும்ப முதலுக்குப் போய், மறுபடி நகர்ந்து வந்தது.

"ஃபு... வா... தி... னோ..." என்றாள். "ஃபுவாதினோவின் தம்பி." விரலை எடுக்காமலே திரும்பினாள். "அப்பா, இதுல என் பேரு இருக்கு."

அபெராமோ தூரிகையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தான். "ஆஸ்பத்திரியில நர்ஸம்மாங்க வந்து வந்து 'இவன் யாரு, இவன் யாரு'ன்னு கேப்பாங்க. எனக்கு வாய் வராது. காய்ச்சல்லயும் நீதான் சொல்லுவ, 'என் தம்பி'ன்னு. சிமெண்ட்டு காயறதுக்குள்ள என்ன எழுதறதுன்னு தெரியல. அதயே எழுதினேன்."

"நான் இதுமேல உக்காந்துதான் தெனமும் மாங்கா தின்னேன். யாரும் சொல்லலியே."

"எழுதிட்டேனேன்னு இருந்தேன்ம்மா. எழுதினா போதும்னு நெனச்சுட்டேன்."

அவள் விரலை மறுபடி தன் பெயரின்மேல் ஓட்டினாள். சுண்ணாம்பு ஒட்டிய விரல். பிறகு தங்கையைக் கூப்பிட்டாள். "தீரேசா, ஓடி வா. நான் உனக்கு ஒண்ணு வாசிச்சுக் காட்டறேன்."

அபெராமோ கை கழுவக்கூட இல்லை. முழங்கை வரை வெள்ளையாக எழுந்து ரோட்டில் இறங்கி நடந்தான். அவன் எங்கே போனான் என்பதை அன்று ராத்திரியே போதகரம்மா எங்களுக்குச் சொன்னார். போதகர் வீட்டு வாசலில் நின்று, "ஐயா, நான் அன்னைக்கு உங்ககிட்ட பக்கத்தக் கேட்டது தப்பு. புள்ளைக்கு வாசிக்கத் தெரியாது, அதான் கேட்டேன். இப்ப கத்துக்கிட்டு இருக்கா. மெதுவாத்தான் வரும். வேற பக்கம் வெச்சுருங்க," என்றானாம்.

"அவ நடுவுல நின்னுட்டா என்ன செய்ய?" என்று போதகர் கேட்டார்.

"நின்னா நிக்கட்டும் ஐயா. நாங்களும் நிப்போம்."

போதகர் அவனுடைய வெள்ளைக் கையைப் பிடித்துக்கொண்டார். "நானும் திறக்கல. நீங்களும் கேக்க வேண்டாம். காத்து திறக்கட்டும்."

*

காற்று வரவில்லை. அதுதான் வேடிக்கை.

ஞாயிற்றுக்கிழமை கோவில் முழுக்க வெள்ளை. பிள்ளைகள் வரிசை வரிசையாக வந்து மனப்பாடம் சொல்லி முடித்தார்கள். ஃபுவாதினோ பெரிய வேதத்தின் முன்னால் போய் நின்றாள். போதகர் அட்டையைத் திறந்து, நடுவில் ஒரு கட்டுத் தாளை நிமிர்த்தி விட்டுவிட்டு, கடல் பக்கத்து ஜன்னலைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். ஒரு ஓலைகூட அசையவில்லை. ஒரு கைக்குழந்தை சிணுங்கியது. என் வீட்டுக்காரர், "ஆண்டவரும் இன்னைக்கு சாப்பாட்டு வேலையா இருக்கார் போல," என்று என் காதில் சொன்னார்.

அப்போது முதல் வரிசையிலிருந்து போதகரம்மா எழுந்தார். கனத்த உடம்பு, மெதுவாகத்தான் நடப்பார். புத்தகத்தின் பக்கத்தில் போய், தன் ஓலை விசிறியால் ஓங்கி ஒரு விசிறு விசிறினார். தாள்கள் புரண்டன. கோவிலே சிரித்தது. ஃபுவாதினோவும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் அவள் குனிந்து பார்த்தாள்.

விழுந்த பக்கம் வம்ச வரலாறு. யாருக்கு யார் பிள்ளை, அவருக்கு யார் பிள்ளை என்று வெறும் பெயர்கள். எங்கள் ஊரில் இதுவரை ஒருவரும் வெள்ளை ஞாயிறுக்கு மனப்பாடம் செய்யாத இடம். ராகமும் இல்லை, கதையும் இல்லை. அடுத்தது என்ன என்று ஊகிக்கவே முடியாது. முன்வரிசையில் மகெரிதா டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஃபுவாதினோ விரலை வைத்தாள். முதல் பெயர் வர வெகு நேரம் ஆனது. வந்த குரலும் அந்த மணிக்குரல் இல்லை. ஒரு சாதாரணப் பிள்ளையின் சின்னக் குரல், ஒவ்வொரு எழுத்தாகக் கால் வைத்துப் பார்த்து நடக்கிற குரல். இரண்டாவது பெயர். மூன்றாவதில் விரல் நின்றது. ஜன்னலோரம் ஒரு பெண் வாயைத் திறந்தாள். பக்கத்தில் இருந்தவள் அவள் கையைப் பிடித்தாள். பாய் முடைந்த எல்லாப் பெண்களும் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். விரல் நின்றது, நாங்களும் நின்றோம். பிறகு அது நகர்ந்தது.

எந்தக் காலத்திலோ எங்கேயோ வாழ்ந்து செத்த மனிதர்கள். அவர்கள் பெயர்களை அதற்கு முன் நான் ஒழுங்காகக் கேட்டதில்லை. அந்தப் பிள்ளை ஒவ்வொருவரையும் கூப்பிடக் கூப்பிட, கூட்டத்திலிருந்து ஒவ்வொருவராக எழுந்து நிற்பதுபோல எனக்கு இருந்தது.

"அ... பெ... ரா..." என்றாள். நின்றாள். விரலை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள். மூப்பர்களோடு வேர்த்து வழிய உட்கார்ந்திருந்த தகப்பனைத் தேடிப் பார்த்து, "அப்பா, இதுல உன் பேரு இருக்கு," என்றாள், கோவில் என்பதையே மறந்து.

அபெராமோ இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இருக்கட்டும்மா. மேல வாசி," என்றான்.

*

வெள்ளை ஞாயிறன்று பிள்ளைகள் முதலில் சாப்பிடுவார்கள், பெரியவர்கள் பரிமாறுவோம். வருஷம் முழுக்கப் பெரியவர்களுக்கு விசிறி நின்ற பிள்ளைகளுக்கு அன்று நாங்கள் விசிறுவோம். அபெராமோ கல்லடுப்பிலிருந்து எடுத்த பன்றிக்கறியையும், சேம்பையும், தேங்காய்ப்பாலில் வெந்த இலையையும் தட்டில் வைத்து மகளின் முன்னால் வைத்தான். மகெரிதா டீச்சருக்கும் பிள்ளைகள் பந்தியிலேயே இடம் போட்டான்.

"நான் பெரியவ. பரிமாறணும்," என்றார் டீச்சர்.

"இன்னைக்கு நீங்க உக்காருங்க டீச்சரம்மா. நான் உங்கள ஒரு நாள் வைதேன். அது உங்க காதுல விழுந்திருக்காது. என் சாப்பாட்ட வாங்கிக்கிட்டீங்கன்னா எனக்கு நெஞ்சு ஆறும்."

டீச்சர் உட்கார்ந்தார். அபெராமோ அவருக்குப் பின்னால் நின்று ஈ விரட்டினான்.

அன்று சாயங்காலம் இரண்டாம் மணிக்கு எதிர் வீட்டில் ஜெபம் தொடங்கியது. அபெராமோ புத்தகத்தை முதலில் மகளிடம் கொடுத்தான். அவள் விரலை வைத்தாள். எங்கள் ஜெபம் முடிந்தது. பக்கத்து வீடுகளில் முடிந்தது. மூன்றாம் மணியும் அடித்தது. அவள் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு சொல்லாக, நடுநடுவே தங்கையிடம் ஏதோ கேட்டுக்கொண்டு.

காவல் நின்ற இளவட்டங்களுக்கு அதற்குமேல் வேலை இல்லை. அவர்கள் கம்பை ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்றார்கள். கடைக்குப் போக ரோட்டில் இறங்கியவர்கள் அபெராமோ வீட்டு விளக்கைப் பார்த்ததும் நின்றார்கள். ஒருவரும் அந்த வீட்டைத் தாண்டி நடக்கவில்லை. ஆண்டவரே, உமக்கு நன்றி என்று நான் பாயில் உட்கார்ந்தபடி சொல்லிக்கொண்டேன். கடைசிச் சொல்லையும் அவள் கண்டுபிடித்து முடித்த பிறகுதான் ஊர் மறுபடி கால் எடுத்து வைத்தது.